முதல் சுற்றுக்கு ஆள் ஏற்றக் கூடாது

சிவப்புப் பெட்டி ஒற்றைப் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, மறுபக்கத்தில் மாட்டுகிற இரும்புப் பின் இல்லை, கீழே ஆற்று மணல், கிழக்கே இருந்து வருகிற முதல் வெயில் இரும்பில் ஏறி ஏறி மொத்த ராட்டினமும் மஞ்சளாகிறது, துளிக் காற்று இல்லை, ஆனாலும் அந்தப் பெட்டி ஆடுகிறது, மாமா, உங்களத்தான், பாக்குறீங்களா இல்லையா என்று வினோதினி செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள், பார்க்கிறேன், என்னத்தைப் பார்க்க, நீலத் தண்ணீர், வெள்ளைக் கட்டில், கட்டில் மேல் துண்டை முறுக்கி வாத்து மாதிரி செய்து வைத்திருக்கிறான் எவனோ வேலையற்றவன், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே ஆகாசம் முட்ட ஒரு ராட்டினம், அதில் சிவப்பாக ஒரு பெட்டி. வினோதினி என் மருமகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் இரண்டு தடவை சொல்வாள், முதல் தடவை மனுசனுக்குச் சொல்கிற மாதிரி, இரண்டாம் தடவை மக்குப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, இப்போது இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தாள், கோடை லீவுக்கு மூன்று நாள், மலையடிவாரத்தில் இருக்கிற அந்தப் பூங்காவுக்குப் போகிறோம், அங்கே பூங்காவுக்குள்ளேயே ஓட்டல் இருக்கிறது, அதில் தங்கலாம், இல்லையென்றால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் லாட்ஜ் இருக்கிறது, அதில் தங்கிக்கொண்டு தினமும் காலையில் வரிசையில் நின்று உள்ளே போகலாம், எது வேணும் மாமா, உள்ளயா வெளியவா. வெளியே, என்றேன். ஏன், என்றாள். உள்ளே தங்குகிறவன் அவனிடம் மாட்டிக்கொண்ட ஆடு, என்றேன், கையில் பட்டை மாட்டி விடுவான், ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவளுக்கு மாட்டுகிற மாதிரி, அவன் ஆக்கிப் போடுகிறதைத்தான் தின்ன வேண்டும், அவன் தண்ணியைத்தான் குடிக்க வேண்டும், இட்லிப் பொடியைக் கொண்டு போனால்கூட வாசலில் பிடுங்கிக்கொள்வான், அவன் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும்.

என் மகன் சோலைராஜ் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான், விருதுநகரில் அவன் கை வேலைக்கு நல்ல பெயர், வாய்க்குத்தான் பெயரே கிடையாது, அவள் பக்கமும் பேச மாட்டான், என் பக்கமும் பேச மாட்டான், தட்டைப் பார்த்துத் தின்றுகொண்டு, அப்பா ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டா புக் பண்ணிரலாம்ப்பா என்றான், அதைத்தானேடா இப்ப சொன்னேன், வெளியேன்னு, உனக்குமா காது போச்சு என்று கத்தினேன். கத்தித்தான் பேசுவேன், நாலு வருஷமாக அப்படித்தான், எனக்குக் காது மந்தம் என்று டாக்டர் ஒருத்தன் எழுதிக் கொடுத்தான், எழுதின பேனா காய்வதற்குள் காது மெசின் விற்கிற கடைக்கும் சீட்டுக் கொடுத்தான், அதிலேயே தெரியவில்லையா அவன் லட்சணம், மகன் வாங்கி வந்த அந்த மெசின் பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது, நான் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவேன், அதிலும் வினோதினி டீச்சர், வாயை நன்றாகத் திறந்து பேசுவாள், திட்டினாலும் எழுத்து எழுத்தாகத் தெரியும், இப்போதும் தெரிந்தது, மத்தியானம் புள்ள தூங்கணும், நனைஞ்ச துணிய மாத்தணும், உள்ள இருந்தா நாலு எட்டு நடந்தா ரூமு, வெளிய இருந்தா ஒவ்வொரு தடவையும் ரோட்டத் தாண்டி வரணும், உங்க முட்டிக்கும் அதுதான் நல்லது, அதோட இன்னொண்ணு இருக்கு மாமா, உள்ள தங்குறவங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடியே கேட்டத் திறந்து விட்ருவாங்க, வரிசையே கிடையாது, அன்னைக்கி மொத சுத்து நம்ம தன்ஷிகாதான்.

தன்ஷிகா என் பேத்தி, எட்டு வயது, முன் பல் இரண்டும் இல்லை, மொத சுத்து நான்தான் தாத்தா என்று அந்த ஓட்டை வாயால் சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கை என்ன செய்தது என்று தெரியவில்லை, செம்பு போய்ச் சுவரில் அடித்தது, சாம்பார் கிண்ணம் கவிழ்ந்தது, மொத சுத்துக்கு ஆள் ஏத்துறவன் கொலைகாரன்டா, கொலைகாரப் பயலுக, அதை ஒரு சலுகைன்னு சொல்லி விக்கிறான், நீ பல்லைக் காட்டிக்கிட்டு வாங்குற என்று நான் கத்துவது எனக்கே கேட்டது, அப்படியென்றால் தெருவுக்கே கேட்டிருக்கும். பிள்ளை அழுதுகொண்டு அம்மா சேலைக்குள் போனாள். வினோதினி கத்தவில்லை, துணியை எடுத்து வந்து சாம்பாரைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே, என் கண்ணுக்கு நேராக முகத்தைத் தூக்கி, நீங்க வர வேணாம் மாமா என்றாள், உங்கள சாத்தூர்ல உங்க அக்கா மக வீட்ல விட்டுட்டு நாங்க மூணு பேரும் போய்ட்டு வர்றோம், உள்ளதான் தங்குவோம், மொத சுத்துதான் ஏறுவோம்.

கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தகரக் கூரை சூடாகிற நேரம், முன்பென்றால் அந்தத் தகரம் டிக் டிக்கென்று பேசும், இப்போது வாயை மூடிக்கொண்டது, இல்லை, என் காதுதான் மூடிக்கொண்டது, இரும்பு எங்கே வாயை மூடும். முப்பது வருஷம் ராட்டினம் கட்டினவன் நான், திருவிழாவுக்குத் திருவிழா, பொருட்காட்சிக்குப் பொருட்காட்சி, லாரியில் இரும்பாகக் கொண்டுபோய் இறக்கி, மூன்று நாளில் ஆகாசத்துக்குத் தூக்கி நிறுத்தி, பத்து நாளில் பிரித்துக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர், எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு, கட்டி முடித்த அன்றைக்கு, கட்டின பிட்டர் அந்த ராட்டினத்துக்குக் கீழேதான் படுக்க வேண்டும், விழுந்தால் முதலில் அவன் மேல் விழட்டும் என்பதற்காக என்று முதலாளிகள் சொல்வார்கள், அவர்கள் புத்தி அது, எங்களுக்குத் தெரியும் எதற்கென்று, விடியும்போது வெயில் பட்டு இரும்பு நெளியும், நெளியும்போது டிக்கென்று ஒரு சத்தம் விடும், ஒரு இடத்தில் ஒரு தடவை கேட்டால் அது இரும்பு சோம்பல் முறிக்கிறது, அதே இடத்தில் மறுபடியும் கேட்டால் அங்கே நட்டு இளகியிருக்கிறது, மல்லாக்கப் படுத்துக்கொண்டு எங்கே எங்கே என்று காதாலேயே புள்ளி வைத்துக்கொள்வேன், பிறகு ஏறி ஒவ்வொன்றாக முடுக்குவேன், அப்புறம் முதல் சுற்று வெறும் பெட்டி, இரண்டாம் சுற்று மணல் மூட்டை, மூன்றாம் சுற்று கட்டினவன் ஏறணும், நாலாவதுக்குத்தான் டிக்கெட், இதை எவனும் எங்களுக்குப் பாடமாக நடத்தவில்லை, செத்தவர்கள் நடத்தினார்கள்.

என் பெண்டாட்டி பேச்சி பக்கத்தில் வந்து உட்கார்கிறாள், செத்துப் பதினோரு வருஷமாகிறது அவளுக்கு, ஆனால் வயிறு பெரிதாக இருக்கிறது, ஏழு மாதம், உள்ளே சோலைராஜ் இருக்கிறான், அப்போதே எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் கிடக்கிறான், மானாமதுரை, சித்திரைத் திருவிழா, வைகை மணலில் கொட்டகை கொட்டகையாகக் கடை, நான் கடைசிப் பெட்டியை மாட்டிக்கொண்டிருக்கிறேன், சிவப்புப் பெட்டி, பொழுது சாய்கிறது, கீழே இருந்து அவள் கூப்பிடுகிறாள், இந்தா, ஒன்னியத்தான், இந்த மண்ணுல இன்னொரு நாள் என்னால படுக்க முடியாது, செனரேட்டரு பொகையில வகுத்துப் புள்ள மூச்சு முட்டிச் சாகப் போவுது, ஊருக்குள்ள சத்திரத்துல ரூம்பு கேட்டுட்டு வந்துட்டேன், வெந்நி வச்சுத் தர்றேன்னாங்க, வர்றியா, இல்ல நான் பஸ் ஏறி எங்கம்மா வீட்டுக்குப் போகவா. உள்ளேயா வெளியேயா, அன்றைக்கும் இதே கேள்விதான். பின்னை ஓட்டையில் செருகிவிட்டேன், செருகினால் போதாது, அதன் இரண்டு காலையும் விரித்து மடக்கிவிட வேண்டும், அப்போதுதான் நழுவாது, அதற்கு இடுக்கி வேண்டும், இடுக்கி கீழே கிடந்தது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, காலையில்தான் எப்படியும் பார்க்கப் போகிறோமே, ஏதாவது கோளாறு இருந்தால் சத்தம் சொல்லிவிடுமே என்று இறங்கிவிட்டேன்.

சூசையைக் கூப்பிட்டேன். சூசை எங்கள் செட்டில் ஜெனரேட்டர் பார்க்கிறவன், என்னை அண்ணே அண்ணே என்று சுற்றி வருகிறவன், டேய், இன்னைக்கு எனக்குப் பதிலா நீ கீழ படுத்துக்க, அண்ணி ஒரே அழுகை என்றேன். அவன் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு, என்னண்ணே என்றான். மறுபடியும் கத்திச் சொன்னேன். அவன் முகமெல்லாம் சிரிப்பு, பிட்டர் படுக்கிற இடத்துல நானாண்ணே, படுத்துக்கிறேண்ணே, நீ அண்ணியக் கூட்டிட்டுப் போண்ணே என்றான், அவன் குவித்த கையை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டேன், பார்த்தேன், ஒன்பது வருஷம் அந்த ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காது இரண்டும் அவிந்து போயிருந்தது, எங்கள் செட்டில் அத்தனை பேருக்கும் தெரியும், அவன் பின்னால் நின்று கெட்ட வார்த்தை சொல்லி விளையாடுவோம், அவனைத்தான் இரும்பு பேசுவதைக் கேட்கப் படுக்க வைத்துவிட்டு நான் வெந்நீரில் குளிக்கப் போனேன், படுக்க வேண்டிய இடத்தில் ஆள் படுத்தாகிவிட்டது, முறை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் அன்றைக்கு என் கணக்கு.

காலையில் சத்திரத்து வாசலில் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு ஆற்றுக்குள் இறங்குகிறேன், கூட்டமாக நிற்கிறார்கள், சிவப்புப் பெட்டி ஒற்றைப் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, வெயில் மஞ்சளாக ஏறுகிறது, சூசை மணலில் கிடக்கிறான், அவனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, சத்தமில்லை என்றால் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிட்டான், வெறும் பெட்டியும் விடவில்லை, மணல் மூட்டையும் ஏற்றவில்லை, அண்ணன் வருவதற்குள் நானே ஏறிப் பார்த்துவிடுகிறேன் என்று முதல் சுற்றில் போய் உட்கார்ந்திருக்கிறான், மேலே போய்க் கையை ஆட்டினானாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்று நாள் கிடந்து செத்தான். போலீசு கேட்டபோது முதலாளி வாங்கிப் போட்ட பின் துருப்பிடித்த பின் என்றேன், முதலாளியும் யோக்கியன் கிடையாது, அதனால் எல்லோரும் நம்பினார்கள், சூசை பெண்டாட்டி ரோசம்மாளும் நம்பினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இருந்திருந்தா எம்புருசன் ஏறியிருக்காதுண்ணே என்று அழுதாள், அன்றைக்கு அந்தக் கையைப் பிடுங்கிக்கொண்டு வந்தவன்தான், அதற்கப்புறம் எந்த மனுசன் கையையும் நான் பிடிக்கவில்லை, எவனைப் பார்த்தாலும் இவன் எதை மறைக்கிறான் என்றுதான் தோன்றும்.

பேச்சி எழுந்து போய்விட்டாள், அந்த இடத்தில் வினோதினி நின்றுகொண்டிருந்தாள், கையில் பிஸ்கட் டப்பா, இத மாட்டுங்க என்றாள், மாட்டிக்கிட்டு அப்புறம் என்னத் திட்டுங்க, நான் பதிலுக்குத் திட்டுறதும் உங்களுக்குக் கேக்கணும்ல, ஒத்த ஆளா நின்னு சண்டை போட்டு எனக்கு அலுத்துப் போச்சு. வாங்கி மாட்டினேன், ஏன் மாட்டினேன் என்று தெரியாது, முதலில் கொய்யென்று ஒரு இரைச்சல், பிறகு காக்கா, பிறகு எதிர்வீட்டு மிக்சி, பிறகு தலைக்கு மேலே தகரம் டிக்கென்றது, உடம்பெல்லாம் ஒரு தடவை தூக்கிப் போட்டது, சொல்லிவிட்டேன், மகனிடம் சொல்லாததை, பேச்சி சாகும்வரை அவளிடம் சொல்லாததை, வந்தவளிடம் சொல்லிவிட்டேன், பின்னை மடக்காமல் விட்டதை, குவித்த கையைப் பார்த்ததை, எல்லாம். அவள் துவைக்கிற கல்லின் மறுமுனையில் உட்கார்ந்தாள், தேற்றவில்லை, நல்லவேளை, தேற்றியிருந்தால் எழுந்து போயிருப்பேன், அந்தம்மாவுக்குத் தெரியுமா என்றாள். தெரியாது. உசுரோட இருக்காங்களா. இருக்கா, மானாமதுரையிலேயே, மக வீட்டில். நாப்பத்து மூணு வருசமா அந்தம்மாவ ஏமாத்திட்டு, எங்கள உக்கார வச்சு ஊர்ல உள்ளவன் பூராம் களவாணின்னு பாடம் எடுத்தீங்களாக்கும் என்றாள், இரண்டாம் தடவை சொல்கிற மாதிரி சொல்லவில்லை, மனுசனுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள், அது இன்னும் வலித்தது.

சரி, வெளியவே தங்கிக்குவோம் என்று எழுந்தாள், மொத சுத்து நம்ம புள்ளைக்கு வேணாம். நான் வேண்டாம் என்றேன். என்ன வேணாம். வெளியே வேணாம், உள்ளே போடு. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கிறுக்குக் கிழவன் என்று எழுதியிருந்தது, வெளியே தங்கினால் நம் பிள்ளை முதல் சுற்றில் ஏறாது, சரி, அப்போது எவன் பிள்ளையோ ஏறும், அதற்கு யார் இரும்பைக் கேட்டுச் சொல்வது, ஒரு தடவை வெளியே தங்கினது போதும் எனக்கு, உள்ளே போடு, ஆனால் முதல் சுற்று நான் ஏறுகிறேன், நான் இறங்கிச் சொன்ன பிறகு அவள் ஏறட்டும், இதற்குச் சம்மதமென்றால் வருகிறேன், இல்லையென்றால் சாத்தூரில் கொண்டுபோய்த் தள்ளு என்றேன். ஒரு மாசம் இந்த மெசினக் கழட்டாம இருந்தீங்கன்னா சம்மதம் என்றாள். பேரம் பேசுகிறாள் பார், டீச்சர்.

போனோம், கையில் பட்டை கட்டினார்கள், நான் சொன்ன மாதிரியே, இட்லிப் பொடியை வாசலில் பிடுங்கினார்கள், நான் சொன்ன மாதிரியே, துண்டு வாத்தைத் தூக்கி மூலையில் எறிந்தேன். மறுநாள் விடிந்ததும் கேட்டைத் திறந்துவிட்டார்கள், இருபது முப்பது குடும்பம் பல் விளக்கின கையோடு ஓடுகிறது, ராட்டினத்தடியில் சீருடை போட்ட ஒருத்தர், நரைத்த மீசை, அவரிடம் போய், ராத்திரி இதுக்குக் கீழ யாரு படுத்தா என்றேன். யாரும் படுக்கலைங்க சார், எதுக்குப் படுக்கணும், கேமரா இருக்கு என்று சிரித்தார். காது இருக்கா கேமராவுக்கு என்றேன். காலையிலயே மூணு சுத்து வெறுசா விட்டுப் பாத்தாச்சுங்க என்றார். நான் பாத்தேனா என்றேன். அவர் வினோதினியைப் பார்த்தார், அவள் வரிசைக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, மொத சுத்து எங்க மாமா மட்டும் போவாரு என்றாள், பின்னால் ஒருத்தன், ஒரு பெரிசுக்காக இத்தனை பேரு நிக்கணுமா என்றான், வகுப்பில் சொல்கிற குரலில், நிக்கணும் என்றாள், நின்றான்.

சிவப்புப் பெட்டிதான் வேண்டும் என்று அது வரும்வரை நிறுத்தி ஏறினேன், பின் இருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்தேன், தகடு போட்டு மூடியிருந்தான், கைக்கு வேலையில்லை, காது மட்டும்தான், மெசினை முழுக்கத் திருகி வைத்தேன், அப்பா பாத்துப்பா என்று சோலைராஜ் சொல்வது கேட்டது, அவன் குரல் இப்படி என் குரல் மாதிரியே இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன், பெட்டி ஏறுகிறது, தண்ணீர்க் குழாய், மரம், ஓட்டல் கூரை எல்லாம் இறங்கிப் போகிறது, உச்சியில் நின்றது, மலைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்து இரும்பைத் தொட்டது, டிக். என் தலைக்கு நேர் மேலே. மூச்சைப் பிடித்துக்கொண்டேன், ஒன்று, ஒன்று சோம்பல், இரண்டாவது வந்தால்தான், எதிர் சீட்டில் சூசை உட்கார்ந்திருக்கிறான், கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறான், கேக்குதாண்ணே, எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே, கீழே ஆற்று மணல், மணலில் பேச்சி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாள், பொறுடா, பொறு, கேட்டுச் சொல்கிறேன், இரும்பு வாயைத் திறக்கட்டும், வெயில் கன்னத்தில் ஏறி, நெற்றியில் ஏறி, கண்ணுக்குள் போய்விட்டது, இரண்டாவது வரவில்லை, ஒண்ணுதான்டா சூசை, ஒண்ணுதான் என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

நல்லாருக்கா மாமா என்றாள் வினோதினி. இருக்கு, என்றேன், எண்ணெய்கூடப் போட்டிருக்கான், பரவாயில்ல, ஊருக்குப் போறப்ப மானாமதுரை வழியாப் போகச் சொல்லு உன் புருசன. அது எங்கயோ கிழக்கால கிடக்கு மாமா என்று சொல்லத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள், சொல்லிர்றேன் என்றாள், பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்துத் தானும் ஏறினாள். சிவப்புப் பெட்டி இரண்டு பக்கமும் பிடித்துத் தொங்குகிறது, மஞ்சள் வெயிலில் மேலே போகிறது, உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை ஆடுகிறது, பெட்டி ஆடவில்லை, நான் கோட்டைத் தாண்டிப் போய் ராட்டினத்துக்கு நேர் கீழே, படுக்க வேண்டியவன் படுக்கிற இடத்தில், அண்ணாந்து நிற்கிறேன், சார் அங்க நிக்கக் கூடாதுங்க, கோட்டுக்கு வெளிய வாங்க, சார், காது கேக்குதா இல்லையா என்று நரை மீசை கத்துகிறது, கத்தட்டும், எல்லாம் கேட்கிறது, நகர மாட்டேன்.